வள்ளம் ஏழு, பதினோரு விநாடி

ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். பல் தேய்த்தேன், சவரம் செய்தேன், குளித்தேன். ரேஷன் சர்க்கரை தீர்ந்திருந்தது. கருப்பட்டி போட்டுக் காப்பி குடித்தேன். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அதைச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆறே காலுக்கு ஜெட்டிக்கு நடந்தேன்.

என் மனைவி சண்முகவடிவு இறந்த பிறகு எட்டு மாதமாக இதே வரிசைதான். வார நாட்களில் நடை கம்பெனி ஆபீசுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லாமல் இருந்தது. அதனால்தான் படகுக் கிளப்புக்கு உதவி செய்ய ஆள் தேவை என்று எங்கள் ஹெட்கிளார்க் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி சொன்னபோது சரி என்றேன். சம்பளம் கிடையாது. ஒரு சோடா கொடுப்பார்கள்.

கிளப் வெள்ளைக்காரர்களுடையது. யுத்தத்தில் ஆறு வருஷம் பந்தயம் நின்றுபோயிருந்தது. 1946 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். துரைமார்களில் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டதால், போட்டியை நடத்தும் கமிட்டிப் படகில் நிற்க ஆள் போதவில்லை. கோப்பைக்கான பந்தயத்தில் ஓடவும் படகு போதவில்லை. ஆகவே அந்த வருஷம் சங்கு குளிக்கும் வள்ளங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிளப் படகு நான்கு, வள்ளம் ஆறு.

கமிட்டிப் படகு என்பது பந்தயத்தில் ஓடாத படகு. நங்கூரம் போட்டு நிற்கும். அதன் கொடிமரத்துக்கும் ஜெட்டி முனையிலுள்ள விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். புறப்படுவதும் முடிவதும் அந்தக் கோட்டில். ஒரு படகின் மூக்கு அதைத் தொடும்போது ஒருவர் குரல் கொடுத்து, மணி, நிமிஷம், விநாடி எழுத வேண்டும். முதலில் வரும் படகுக்குச் சின்னப் பீரங்கி ஒன்றை வெடிப்பார்கள். மற்றவற்றுக்கு மணி அடிப்பார்கள்.

குரல் கொடுத்து எழுதும் ஆள் நான். ஈரத்தில் மை கரையும் என்பதால் பென்சில். ரப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, திருத்தி, எழுதியவனே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும் நோட்டில் கைவைக்க முடியாது. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதும் பிடித்திருந்தது.

முந்தின நாள் சனிக்கிழமை சாயந்தரம் வள்ளக்காரர்களைக் கரையில் உட்காரவைத்து விதிகளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மிதவையைச் சுற்றுவது, மோதக் கூடாது என்பது, பாயை இறக்கிய படகு போட்டியை விட்டு விலகியதாகக் கொள்ளப்படும் என்பது. ஏழாம் எண் வள்ளத்தின் தண்டல் கயித்தான் கடைசியில் கேட்டான். வள்ளத்தை ஓட்டுகிறவனைத் தண்டல் என்பார்கள். அவனுக்கு நாற்பது வயதிருக்கும். தண்ணீருக்கடியில் மூச்சடக்கியே கண் சிவந்துபோனவன்.

"செயிச்சா கோப்பைய வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

"ஒரு வருஷம் வச்சுக்கிடலாம். பொறவு திருப்பிக் குடுக்கணும். ஆனா பேரு வெட்டுவாங்க."

"பேரு எப்பவும் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப கோப்பைய அவுகளே வச்சிக்கிடட்டும். பேரு போதும்."

நான் அந்தக் கோப்பையைப் பார்த்திருக்கிறேன். 1911 முதல் பெயர்கள் இருந்தன. அத்தனையும் இங்கிலீஷ்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாடை பலமாக அடித்தது. கமிட்டிப் படகில் மூன்று பேர். கிளப் தலைவர் பெல்லமி துரை. அவர்தான் எங்கள் கம்பெனி மானேஜரும். பீரங்கிக்குக் கிளப் பியூன் காசிலிங்கம். பிறகு நான்.

"சாப்டாச்சா தம்பி?" என்றார் காசிலிங்கம்.

"ஆச்சு."

"பழையதா?"

"ஆமா."

"பி.ஏ. படிச்சும் பழையதுதானா? அப்ப என் மவன் நாலாங்கிளாஸோட நின்னது நல்லதாப் போச்சு."

துரை என்ன என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றி என்றேன்.

ஒன்பது மணிக்குப் பத்துப் படகும் புறப்பட்டன. முயல்தீவுப் பக்கம் மிதவையைச் சுற்றிக் கரையை ஒட்டித் திரும்ப வேண்டும். போகும்போது கிளப் படகுகள் முன்னால். திரும்பும்போது காற்று மேலும் ஏறியது. கிளப் படகுகள் பாயைச் சுருக்கின. வள்ளங்கள் சுருக்கவில்லை. காற்றுப் பக்கம் பலகையை நீட்டி, அதன்மேல் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து, சாய்ந்த வள்ளத்தை அப்படியே ஓட்டி வந்தார்கள். பத்தரைக்கு ஏழாம் எண் முன்னால் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கிளப் செயலாளரின் படகு. இடையில் நாற்பது விநாடி என்று கணக்கிட்டேன்.

கரையெல்லாம் ஆட்கள். ஜெட்டியில் கால்வைக்க இடமில்லை.

கோட்டுக்கு முந்நூறு கெஜம் முன்னால் பனிமய மாதா கோவில் கரையில் நேராக வரும். அந்த இடத்தில் கயித்தான் கயிற்றைத் தளர்த்தினான். பாய் கட்டிய குறுக்குக் கழி ஒரு முழம் கீழே வந்தது. வள்ளத்திலிருந்த ஆறு பேரும் நெற்றியில் சிலுவை போட்டார்கள். கழி மறுபடி மேலே போனது. வள்ளம் நிற்கவில்லை. வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

நான் எழுதிக்கொண்டேன்.

"பாய் இறங்கிவிட்டது," என்றார் துரை. "அவர்கள் விலகிவிட்டார்கள். காசிலிங்கம், பீரங்கி வேண்டாம்."

காசிலிங்கத்தின் கை கயிற்றில் இருந்தது. எடுத்துவிட்டார்.

வள்ளத்தின் மூக்கு கோட்டைத் தொட்டது. "ஏழு!" என்று கத்தினேன். பத்து நாற்பத்திரண்டு பதினேழு. பீரங்கி வெடிக்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. கரையில் கூச்சல் எழுந்து, பீரங்கிக்காகக் காத்து, அடங்கியது. செயலாளரின் படகு தொட்டது. பத்து நாற்பத்திரண்டு இருபத்தெட்டு. துரை தலையசைத்தார். பீரங்கி வெடித்தது.

ஜெட்டியில் அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை நான் எந்தப் பந்தயத்திலும் கேட்டதில்லை.

கடைசிப் படகு வந்ததும் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கிளப் வராந்தாவில் துரை என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். நான் எழுதியிருந்தது இதுதான்: முதலாவது, வள்ளம் ஏழு, 10.42.17. மாதா கோவிலுக்கு நேரே கழி ஒரு முழம் தாழ்ந்து உடனே ஏறியது. படகு ஓட்டத்தில் இருந்தது.

"இதை அடித்து 'விலகியது' என்று எழுத வேண்டும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஆபீசிலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"விலகவில்லை, சார். முதலாவதாக வந்தது."

"விதியை நீயே அவர்களுக்கு வாசித்தாய்."

"பாயை இறக்கினால் என்று வாசித்தேன். அவன் இறக்கவில்லை. வணங்கினான். இந்தக் கரையில் எந்த வள்ளமும் அந்த இடத்தில் அதைச் செய்யாமல் போகாது. ஒத்திகைக்கு வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் செய்தார்கள். போன வாரம் நீங்களே படம் பிடித்தீர்கள். அழகாக இருக்கிறது என்றீர்கள்."

அவர் நோட்டை மூடினார்.

"அது ஒத்திகை. நீ சம்பளத்துக்கு வந்தவன் இல்லை, வீரபாகு. உதவிக்கு வந்தவன்."

"ஆமாம் சார். அதனால் இங்கிருந்து என்னை நீக்க முடியாது."

"ஆபீசிலிருந்து முடியும்."

"முடியும்."

நோட்டை மேஜையில் வைத்தார். பென்சிலை அதன்மேல் வைத்தார். "நான் சாப்பிடப் போகிறேன். சரியாகத் திருத்து. பிறகு வழக்கம்போல நகல் எடுத்து ஜெட்டிப் பலகையில் ஒட்டு." அவர் உள்ளே போனார். நான் திருத்திவிடுவேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கம்பெனியில் மூன்று வருஷமாக அவர் சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை.

ஒரு முழுத்தாள் எடுத்தேன். பத்துப் படகின் நேரத்தையும் இங்கிலீஷில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் எழுதினேன். தமிழில் எழுதும் வழக்கம் இல்லை. எழுதக் கூடாது என்று விதியும் இல்லை. கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். இதை மைக்கூட்டில் பேனா தொட்டு எழுதினேன்.

நோட்டில் ஒன்றையும் அடிக்கவில்லை.

ஜெட்டிப் பலகையில் தாளின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினேன். கூட்டம் என் முதுகில் மோதியது. வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "முதலாவது, வள்ளம் ஏழு, தண்டல் கயித்தான். இரண்டாவது, பதினோரு விநாடி கழித்து..." மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

கயித்தானின் பெண்சாதி மரியசெல்வி ஒரு நார்ப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளப் வராந்தாவைப் பார்த்து நின்றாள். குரல் ஜெட்டி முனைவரை கேட்டது.

"ஏன்யா, தொரை கோயிலுக்குள்ள வரும்போது தொப்பியக் கழட்டுதாரே, அப்ப பூசைய விட்டு வெலகிட்டாரா? சாமியார் அவர வெளிய போவச் சொன்னாரா?"

சிரிப்பு எழுந்தது. ஒருவன், "ஏளா, மெதுவாப் பேசு, போலீஸ்காரன் நிக்கான்," என்றான்.

"நிக்கட்டுமே. அவனும் தொப்பி போட்டவன்தான. கழட்டிப் பாக்கச் சொல்லு, வேலைய விட்டு வெலகுதானான்னு பாப்பம்."

போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

கயித்தான் சிரிக்கவில்லை. உப்பு காய்ந்த கையோடு என்னிடம் வந்தான்.

"ஒங்கள வேலைய விட்டுத் தூக்கிருவாங்கன்னு காசிலிங்கம் சொல்லுதாரு. நெசமா?"

"இருக்கலாம்."

"அப்ப அந்தத் தாளக் கிழிச்சிருங்க. நாங்க அடுத்த வருசமும் ஓட்டுவோம். காத்து எங்கன போவப் போவுது?"

"அடுத்த வருஷமும் மாதாவுக்குக் கழியத் தாழ்த்துவீங்களா?"

"தாழ்த்தாம?"

"அப்ப அடுத்த வருஷமும் இதேதான்."

"எங்களுக்காவ நீங்க ஏன்..."

"உங்களுக்காக இல்ல," என்றேன்.

அது அவனுக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் உண்மை. அவனோடு நான் அந்த இரண்டு நாளும் பேசியது பத்து வாக்கியம்கூட இல்லை.

கயித்தான் பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டான். ஐந்து பேரும் பலகையின் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றார்கள். ஒருவன் வெற்றிலை போட ஆரம்பித்தான்.

பன்னிரண்டு மணிக்குச் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கக்கத்தில் குடையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தவரை ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறார்கள். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். ஒரு கையில் என் நோட்டு. மறு கையில் மடித்த சீட்டு.

"தம்பி, இங்கன வா."

ஜெட்டிச் சுவரின் நிழலுக்குப் போனோம்.

"தொரை சீட்டு குடுத்து விட்ருக்காரு. நோட்டுல ஒரு கோடு போட்டு, ஒரு கையெழுத்துப் போடு. பலகைத் தாளை நானே எடுத்துக்கிடுதேன். நாளைக்கு வழக்கம்போல ஆபீசுக்கு வா. ஒண்ணும் நடக்கல."

"போடலேன்னா?"

"வராண்டாம்னு சொல்லுதாரு."

"சரி. வரல."

"என்னலே, வரலங்கே! சந்தைக்கு வரலங்கற மாதிரி சொல்லுதே!" அவர் குரலைத் தாழ்த்தினார். "யுத்தம் முடிஞ்சு பட்டாளத்துக்காரன் எல்லாம் வேலைக்கு அலையுதான். ஒரு எடத்துக்கு நாப்பது பேரு நிக்கான். ஒன்னய வேலைக்குச் சிபாரிசு பண்ணது நானு. இந்தப் படகுக்கும் ஒம் பேரக் குடுத்தது நானு. எம் மொகத்த நான் எங்க வைக்கட்டும்?"

"உங்க மேல தப்பில்ல அண்ணாச்சி. அதை எழுதித் தாரேன்."

"நீ ஒண்ணும் எழுத வேண்டாம்! நீ எழுதுனதே போதும்." குடையைச் சுவரில் சாத்தினார். "ஒரு வள்ளம் மொதல்ல வந்தா என்ன, ரெண்டாவதா வந்தா என்ன? அவன் நாளைக்கும் சங்குதான் எடுக்கப் போறான்."

"மொதல்லதான் வந்தான். நான் பாத்தேன்."

"நீ பாத்தே. தொரையும் பாத்தாரு."

"அவரும் அதையேதான் பாத்தாரு. எழுதச் சொல்லுதது வேற."

அண்ணாச்சி நோட்டைத் திறந்தார். பக்கத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். பென்சிலையும் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. பலகைப் பக்கத்திலிருந்து கயித்தானின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒம் மாமியா சீனித்தாயி எங்க வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதுச்சு. சாவும்போது அந்தப் பிள்ள கடைசியா என்ன சொல்லிச்சு? 'அவுக பெரியவுக சொல்லுத கேட்டு, வேலையில நல்லா வரணும்'னு சொல்லித்தான கண்ண மூடிச்சு? ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ள சொன்ன சொல்லுக்காவது ஒரு கோடு போடப்படாதா?"

எட்டு மாதமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏரலில் பதினாறாம் நாள் விசேஷத்தில் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். ஆபீசில் ஒருவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார். நான் ஒரு முறையும் மறுக்கவில்லை. அத்தை அழுதுகொண்டே சொன்னதை மறுப்பது எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்படியே அது நடந்ததாக ஆகிவிட்டது.

"அவ அப்படிச் சொல்லல அண்ணாச்சி."

"என்ன?"

"அத்தை அப்ப அங்க இல்ல. ஏரலுக்குப் போயிருந்தாங்க. ரூம்ல இருந்தது நானும் அவளும்தான்."

அவர் நோட்டை மூடினார். பென்சில் இன்னும் கையில் இருந்தது.

அவரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஜெட்டிச் சுவரடியில் நின்று, நேரம் எழுதுவதுபோலச் சொன்னேன். ஜூன் மாதம். ஆஸ்பத்திரியில் பின்பக்கத்து அறை. பிற்பகல் மூன்று மணி. கச்சான் காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. நர்ஸ் வாசலில் நின்று, மூன்று மணிக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, அது விதி என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னதைச் செய்தேனா என்று நின்று பார்க்கக்கூட இல்லை. சண்முகவடிவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பேசாதவள், என்னைப் பார்த்துப் பேசினாள். நான் கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. கேட்டும் எழுந்துபோய், நர்ஸ் சொன்னபடி செய்தேன். கொக்கியையும் மாட்டினேன். திரும்பி வந்தபோது அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகினார். பிறகு துரையின் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நோட்டை என்னிடம் கொடுத்தார். பலகைப் பக்கம் போகவில்லை. அங்கே தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஆணிகள் பிடித்திருந்தன.

"ஒப்பம் போடலன்னு போய்ச் சொல்லிருதேன்," என்றார். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "தம்பி, கேக்கப்படாதுதான். அந்தப் பிள்ள என்னதான் சொல்லிச்சு?"

"'சன்னலச் சாத்தாண்டாம். காத்து வரட்டும்.'"